என்சலாதா ருசா தண்ணி விட்டுக்குது, கிழங்கும் குழையுது: 24ஆம் தேதிக்குள்ள வழி சொல்லுங்க

ரொசாரியோ மருமகள் | டிச. 9, இரவு

வணக்கம். அர்ஜென்டினாவில் ரொசாரியோவில் இருக்கேன். கணவர் இந்த ஊர்க்காரர். இங்கே கிறிஸ்துமஸ் விருந்து 24ஆம் தேதி ராத்திரிதான். பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தா பன்னிரண்டு அடிச்சதும்தான் கோப்பை தூக்குவாங்க. டிசம்பர் இங்கே நல்ல கோடை. அதனால மேஜையில முக்கால்வாசி ஆறின பதார்த்தம்தான். அதுல என்சலாதா ருசா கட்டாயம். ருஷ்ய சாலட்னு பேர், ஆனா எங்க புகுந்த வீட்டுல இது இல்லாம ஒரு பிறந்தநாள்கூட நடந்ததில்லை.

உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, மயோனேஸ். நாலே சாமான். அதுலதான் போன வருஷம் என் மானம் போச்சு. மாமியார் கரண்டியால ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துட்டு "இது பூரே"ன்னார். பூரேன்னா மசியல். கோபமாச் சொல்லியிருந்தா பரவாயில்லை, அன்பாச் சொன்னாங்க.

நான் செஞ்சது இதுதான்: இரண்டரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, சின்னதா நறுக்கி, கேரட்டோட சேர்த்துக் கொதிக்கிற தண்ணியில 20 நிமிஷம். வடிச்சு டப்பாவில போட்டு மூடினேன். ஒரு மணி நேரம் கழிச்சு டப்பா பட்டாணி, மயோனேஸ், உப்பு எல்லாம் போட்டுக் கிளறி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். சாயங்காலம் திறந்தா அடியில ரெண்டு கரண்டி தண்ணி, மேல மயோனேஸ் மோர் மாதிரி.

இந்த வருஷம் 16 பேர். திருநெல்வேலியிலிருந்து அம்மா வேற வந்திருக்காங்க, முட்டை தொடமாட்டாங்க. என்ன தப்பு பண்றேன்?

---

ஈயச்சட்டி | டிச. 9, இரவு

மருமகளே, நாலு கேள்வி. பதில் வந்தாத்தான் வைத்தியம்.

மூடினப்போ கிழங்கு சூடா இருந்துச்சா? மயோனேஸ் போட்டப்போ உள்ளுக்குள்ள முழுசா ஆறியிருந்துச்சா, இல்லை மேலாக மட்டுமா? மயோனேஸ் சாதாரணமா, 'லைட்'டா? பட்டாணி டப்பாத் தண்ணியை வடிச்சீங்களா, கழுவினீங்களா?

---

ரொசாரியோ மருமகள் | டிச. 10, காலை

ஆவி பறக்கப் பறக்க மூடினேன் அண்ணா. ஈ மொய்க்குமேன்னு. மயோனேஸ் போடும்போது வெதுவெதுப்பு இருந்துச்சு. லைட் வகைதான், கணவருக்குக் கொலஸ்ட்ரால். பட்டாணி… வடிச்சேன், கழுவலை.

---

ஈயச்சட்டி | டிச. 10, காலை

நாலுக்கு நாலும் தப்பு. சந்தோஷப்படுங்க, திருத்துறது சுலபம். (கேட்டரிங் படிச்சவன், சென்னையில 11 வருஷம் குளிர் பதார்த்தப் பிரிவுதான்.)

பெரிய குற்றவாளி அந்த மூடி. வெந்த கிழங்கு வடிச்ச பிறகும் பத்து நிமிஷம் ஆவி விட்டுக்கிட்டே இருக்கும். திறந்து வச்சா அவ்வளவும் காத்துல போகும். மூடினா மூடியில முத்து முத்தாக் கட்டித் திரும்பக் கிழங்கு மேலயே சொட்டும். நீங்க பார்த்த ரெண்டு கரண்டியில பாதி அதுதான்.

மயோனேஸ்ங்கறது எண்ணெயும் புளிப்புத் தண்ணியும் முட்டை மஞ்சக்கருவைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணா நிக்கிற கலவை. சூடு பட்டா எண்ணெய் தனியாப் பிரியும். லைட் வகையில எண்ணெய் கம்மி, தண்ணி ஜாஸ்தி, அதைக் கெட்டியாக் காட்ட மாவுச்சத்து போட்டிருப்பாங்க. கொலஸ்ட்ராலுக்கு அன்னிக்கு ஒரு கரண்டி குறைச்சுச் சாப்பிடச் சொல்லுங்க, மயோனேஸை மாத்துங்க.

இனி வேக வைக்கிறது. நறுக்கி வேக வைக்கிறதா இருந்தா பச்சைத் தண்ணியில கிழங்கைப் போட்டு அப்புறம் அடுப்பை மூட்டுங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா வெளிப்பக்கம் கரைஞ்சு உள்ளே வேகாம நிக்கும். லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வினிகர், 10 கிராம் உப்பு. கிழங்கோட செல்லுங்களை ஒட்டி வச்சிருக்கிற பெக்டின் புளிப்புல லேசுல கரையாது, துண்டு முனை உடையாம நிக்கும். புளிக்குழம்புல கிழங்கு வேக நேரமாகுதுல்ல, அதே கதை. ஒரு சென்டிமீட்டர் துண்டுன்னா கொதி வந்ததும் எட்டு நிமிஷத்துல குத்திப் பாருங்க. இருபது நிமிஷம் மசியலுக்கு.

கேரட் தனிப் பாத்திரம். அது வேகிற நேரம் வேற.

---

குரிச்சிபா கிச்சன் | டிச. 10, மதியம்

பிரேசில்லேர்ந்து குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். இங்கே இந்தச் சாலட்டுக்கே "மயோனேசி"ன்னுதான் பேர், சாஸுக்கும் அதே பேர். ஞாயித்துக்கிழமை ஷுராஸ்கோவுல கறி சுடுறது ஆம்பளைங்க, மயோனேசி பொம்பளைங்கன்னு எழுதாத சட்டம். எங்க வீட்டுல நான் உடைச்சிட்டேன், இப்போ ரெண்டும் நானே செய்யறேன்.

ஈயச்சட்டி சொன்ன வினிகர் சரி, ஆனா எனக்குப் பிடிச்சது வேற வழி. கிழங்கைத் தோலோட முழுசா வேக வச்சு, உரிச்சு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சு, மறுநாள் நறுக்குறேன். தோல் இருக்கிறதால தண்ணி குடிக்காது. குளிர்ல மாவுச்சத்து இறுகிடும், கத்தி வச்சா பனீர் மாதிரி வெட்டுப்படும். கிளறினாலும் உடையாது.

ஆப்பிள் போடச் சொன்னா போடாதீங்க, அதுவும் தண்ணி விடும். உலர் திராட்சையைப் பத்தி நான் வாயே திறக்கலை. இங்கே கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல திராட்சை போடலாமா கூடாதான்னு வருஷா வருஷம் குடும்பச் சண்டை.

மயோனேஸ் வீட்டுலயே அடிச்சா ருசி தனி. ஒரு முட்டை, எண்ணெய், எலுமிச்சை, முடிஞ்சுது.

---

ஈயச்சட்டி | டிச. 10, மதியம்

தோலோட வேக வைக்கிறதை ஒத்துக்கறேன். 16 பேருக்கு ஆறின கிழங்கு உரிக்கக் கை வேணும், அவ்வளவுதான்.

பச்சை முட்டை மயோனேஸை ஒத்துக்க மாட்டேன். ராத்திரி பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் கோடையில மேஜையில கிடக்கப்போற பதார்த்தம். மேஜையில வயசானவங்க, குழந்தைங்க. சால்மோனெல்லாங்கற வயித்துக் கிருமிக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. கடை மயோனேஸ்ல பாஸ்சரைஸ் பண்ணின முட்டை, புளிப்பும் அளவா இருக்கும். ஆனா அதைக் கிழங்கோட கலந்த பிறகு அந்தக் காவலும் நீர்த்துப்போகும். பொதுவா ரெண்டு மணி நேரம்தான் வெளியே. 32 டிகிரிக்கு மேலன்னா ஒரு மணி நேரம்.

பாதியை ஃப்ரிட்ஜ்லயே வச்சுட்டு, கிண்ணத்தைப் பெரிய தாம்பாளத்துல ஐஸ் மேல வச்சுப் பரிமாறுங்க. தீர்ந்ததும் அடுத்த பாதி. மேஜையில மீந்ததை 25ஆம் தேதி மத்தியானத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம், எத்தனை அத்தை கேட்டாலும்.

---

பாளையங்கோட்டை சித்தி | டிச. 10, மாலை

அம்மாவுக்கு முட்டை இல்லாம வேணும்னு சொன்னியேம்மா, அதை எல்லாரும் மறந்துட்டாங்க. அர்ஜென்டினாவிலேயே கேரட்டுல மயோனேஸ் பண்ணுவாங்களே, என் மக அங்கே படிச்சப்போ கத்துக்கிட்டா. வெந்து ஆறின கேரட் 150 கிராம், ஒரு பல் பூண்டு, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு. மிக்ஸி ஓட ஓட 100 மில்லி சூரியகாந்தி எண்ணெய் நூல் மாதிரி விடணும். ஆரஞ்சு நிறமா வரும், அதுதான் ஒரே குறை.

வெள்ளையா வேணும்னா பால்ல பண்ணு. கொழுப்பு எடுக்காத பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, ரெண்டும் ஒரே குளிர்ச்சி. ஒசரமான டம்ளர்ல ஊத்தி, கை பிளெண்டரை அடியில ஊன்றி, அசைக்காம ஓட விடு. அடியில வெள்ளை கட்டினதும் மெதுவாத் தூக்கு. எலுமிச்சை கடைசியிலதான். முதல்லயே விட்டா திரிஞ்சுடும்.

---

லீமா வாசி | டிச. 10, இரவு

பெருவில இதே பேர்ல பீட்ரூட் சேர்ப்பாங்க, மொத்தமும் ரோஸ் கலர். உங்க மாமியார்கிட்ட காட்டாதீங்க.

சும்மா ஒரு விஷயம். கிழங்கு பிறந்தது இந்த ஆண்டீஸ் மலையில. லீமாவில 1971லேர்ந்து உருளைக்கிழங்குக்குன்னே ஒரு சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இங்கேர்ந்து கப்பலேறி ஐரோப்பா போய், 1860கள்ல மாஸ்கோவில ஒலிவியேங்கற சமையல்காரர் கையில சாலட்டாகி, ருஷ்யான்னு பேர் வாங்கிக்கிட்டுத் திரும்ப ஊருக்கே வந்து நிக்குது. தாய்வீட்டுக்கு வந்த மகளை அடையாளம் தெரியாத மாதிரி.

உருப்படியாச் சொல்லணும்னா: என்ன கிழங்கு வாங்குறீங்க? மாவா உதிர்ற ரகம் மசியலுக்குத்தான் நல்லது.

---

ரொசாரியோ மருமகள் | டிச. 11, காலை

காய்கறிக் கடையில மண்ணு ஒட்டின "பாப்பா நேக்ரா"வும் கழுவினதும் இருக்கு. ரகம் ரெண்டும் பெரும்பாலும் ஸ்புந்தாதான், நீளமா மஞ்சளா இருக்குமே. கேட்டா கடைக்காரர் "பல்கார்சேலேர்ந்து வந்தது"ன்னு பெருமையாச் சொல்றார், இங்கே கிழங்குக்குப் பேர்போன ஊர் அது. மண்ணோட இருக்கிறது வெளிச்சம் படாம நாள்படத் தாங்கும்னு மாமியார் அதைத்தான் வாங்குவாங்க.

---

ஈயச்சட்டி | டிச. 11, காலை

ஸ்புந்தா போதும். ரொம்ப இறுக்கமும் இல்லை, மாவும் இல்லை. வேக்காடு மட்டும் தாண்டாம பாருங்க. பட்டாணி டப்பா மேல "உலர்ந்த பட்டாணி ஊற வைத்தது"ன்னு போட்டிருந்தா அந்தத் தண்ணி கஞ்சி மாதிரி. ரெண்டு தரம் கழுவி, துணியில பரப்பி ஒத்தி எடுங்க. முடிஞ்சா உறைய வச்ச பட்டாணி வாங்குங்க, நிறமும் நிக்கும்.

ஒரு தரம் இந்த வாரமே ஒத்திகை பாருங்க. கால் கிலோ போதும்.

---

ரொசாரியோ மருமகள் | டிச. 14, இரவு

ஒத்திகை முடிஞ்சுது. சனிக்கிழமை ராத்திரி நாலு கிழங்கைத் தோலோட வேக வச்சு ஃப்ரிட்ஜ்ல போட்டேன். கேரட்டை நறுக்கித் தனியா வேக வச்சு, தட்டுல பரத்தி, துண்டால ஒத்தினேன். ஞாயிறு காலை எல்லாம் ஜில்லுன்னு இருக்கும்போது ரெண்டு வகை மயோனேஸ்ல ரெண்டு கிண்ணம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தேன். கடை மயோனேஸ் கிண்ணத்துல ஒரு சொட்டு இல்லை. துண்டுங்களோட மூலைகூட மழுங்கலை.

பால் மயோனேஸ் முதல் தரம் திரிஞ்சுது. அவசரத்துல எலுமிச்சையை முதல்லயே விட்டுட்டேன் சித்தி, நீங்க சொல்லியும். ரெண்டாவது தரம் கெட்டித் தயிர் மாதிரி நின்னுச்சு. ஆனா அதுல கலந்தது ஆறு மணிக்குள்ள கொஞ்சம் இளகிடுச்சு. அம்மாவுக்கு மட்டும் பரிமாறும்போது கலக்கப்போறேன்.

உப்பு குறைச்சல். குளிர்ந்த கிழங்குல உப்பு ஏறவே மாட்டேங்குது. குரிச்சிபா, நீங்க எந்தக் கட்டத்துல போடறீங்க?

அம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு "கடுகு தாளிச்சுக் கொட்டினா நல்லாருக்கும்"னாங்க. கடுகு டப்பாவை அலமாரி மேல்தட்டுல ஏத்தி வச்சிட்டேன்.

---

குரிச்சிபா கிச்சன் | டிச. 14, இரவு

உரிச்ச உடனே, கிழங்கு கை பொறுக்கிற சூட்டுல இருக்கும்போதே பாதியா வெட்டி, உப்பு கலந்த வினிகர் ரெண்டு கரண்டி தெளிச்சுப் புரட்டிடுங்க. சூட்டுல இழுத்துக்கும். அப்படியே திறந்து ஆற விட்டு, அப்புறம்தான் ஃப்ரிட்ஜ். மயோனேஸ்ல இருக்கிற உப்பையும் கணக்குல வச்சுக்கங்க.

---

ரொசாரியோ மருமகள் | டிச. 25, மதியம்

16 பேர்னு நினைச்சது 19 ஆச்சு. முதல் கிண்ணம் பதினொன்றரைக்குள்ள காலி, ரெண்டாவது ஐஸ் மேல ஒரு மணி வரைக்கும் நின்னுச்சு. மாமியார் கரண்டியைக் கொண்டுபோய் அடியில விட்டுத் தூக்கிப் பார்த்தாங்க, தண்ணி தேடி. இல்லை. ஒண்ணும் சொல்லாம ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டாங்க.

கேரட் மட்டும் கொஞ்சம் பெருசா நறுக்கிட்டேனாம்.