போர்தோவா, பர்கண்டியா? போய் வந்தவர்களின் அனுபவம்

தில்லைநகர்:

பிரான்ஸில் ஒரே ஒரு ஒயின் பகுதிக்குத்தான் போக முடியும் என்றால், நான் பர்கண்டி என்றுதான் சொல்வேன். இரண்டையும் பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

பர்கண்டியை நம்மூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. அங்கே எல்லாம் பாகப்பிரிவினைதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடங்களின் நிலங்கள் ஏலம் போயின. அப்புறம் வந்த வாரிசுச் சட்டம், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது. சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள் மதில் கட்டிக் காத்த குளோ த வூஜோ என்ற திராட்சைத் தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்; இன்று அதற்கு ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே சொந்தம். அதிலும் மேட்டுப் பக்கம் தண்ணீர் தங்காத சுண்ணாம்பு மண், சாலையோரம் ஈரம் கோத்த களிமண். மதில் ஒன்று, பெயரும் ஒன்று. ஆனால் யாருடைய புட்டி, எந்தப் பக்கத்துத் துண்டு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதை எனக்கு விளங்கவைத்தவர் போன் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். சேறு அப்பிய பூட்ஸோடு வந்து கதவைத் திறந்தார். நிலவறையில் பீப்பாயின் அடைப்பை எடுத்து, நீளமான கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, என் கோப்பையில் இரண்டு விரல் அளவு விட்டார். பிறகு பக்கத்துப் பீப்பாயிலிருந்து அதே அளவு. இரண்டும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சை வகை, ஒரே ஆண்டு, அவர் ஒருவரே செய்தது. நடுவே ஒரு வண்டிப்பாதைதான் என்றார். முதலாவது செர்ரிப்பழம்போல் இளகி இறங்கியது. அடுத்தது நாக்கின் ஓரங்களைப் பிடித்து இறுக்கியது. அதன்பின் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

வோன்-ரொமானே என்ற சிற்றூருக்குக் கட்டாயம் நடந்து போங்கள். உலகிலேயே விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் ரொமானே-கோன்தி, 1.8 ஹெக்டேர் அளவுள்ள சின்ன வயல். இடுப்பளவுகூட இல்லாத சுவர், ஒரு கல் சிலுவை, உள்ளே இறங்காதீர்கள் என்று பணிவாகக் கேட்கும் ஒரு பலகை. அவ்வளவுதான். அந்த எளிமை என்னை நெகிழவைத்தது.

சுங்குவார்சத்திரம்:

நான் உடன்படவில்லை. நாங்கள் போனது பெற்றோரையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. அப்படிப் போகிறவர்களுக்குப் போர்தோதான் சரி. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், இறங்கினால் டிராம். ஆற்றங்கரையில் மெல்லிய நீர்ப்பரப்பு ஒன்று உண்டு, பூர்ஸ் சதுக்கத்துக் கட்டடங்கள் அதில் தலைகீழாகத் தெரியும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை. 2016இல் திறந்த ஒயின் அருங்காட்சியகம், அலையலையாகக் கிடக்கும் பிலா மணல்மேடு, சான்-எமிலியோனில் ஒரே பாறையைக் குடைந்து எடுத்த தேவாலயம் என்று குடிக்காதவர்களுக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. அப்பா ஒரு சொட்டுகூடத் தொடாதவர், அந்தத் தேவாலயத்துக்குள் பேச்சற்று நின்றார்.

போர்தோவின் மெதோக் பகுதியில் உள்ள ஒயின் மாளிகைகளில் முதலாளியைப் பார்க்க முடியாது என்பது உண்மை. முன்பதிவு, வழிகாட்டி, கோப்பை, கிளம்பு. ஆனால் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டிப் பெண் கபெர்னே, மெர்லோ என்ற இரண்டு திராட்சை வகைகளின் ஒயினையும் தனித்தனியாகச் சுவைக்கவைத்து, பிறகு கலந்ததைக் கொடுத்தார். முதலாவதன் கரகரப்பை இரண்டாவதன் சதைப்பற்று எப்படித் தணிக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. கலவை என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு முறை போக வேண்டும்.

கொள்ளிடக்கரை:

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. பர்கண்டியில் முட்டையைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துத் தரும் உணவு பிரபலம். வெறும் முட்டை என்று நினைத்து ஏமாறாதீர்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவார்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு கூஜேர் என்கிற பாலாடைக்கட்டிப் பணியாரம் உண்டு. மது தொடாதவர்கள் கவனிக்க: போர்தோவில் கனெலே இனிப்பில் ரம் சேர்ப்பார்கள்.

தில்லைநகர்:

குழந்தைகளோடு என்றால் சுங்குவார்சத்திரம் சொல்வது நியாயம். ஆனாலும் பெரியவர்களைப் போன் நகரில் உள்ள ஒஸ்பிஸுக்கு அழைத்துப் போங்கள். 1443இல் அமைச்சர் நிக்கோலா ரோலன் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை. வண்ண ஓட்டுக் கூரை, இருபுறமும் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள், படுத்தபடியே பூசை காணும்படி கோடியில் சிற்றாலயம். தர்மமாக எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள்.

திஜோன் நகரிலிருந்து போன் நகருக்கு உள்ளூர் ரயில் இருபது நிமிடத்தில் போய்விடும்; போன் நகரில் சைக்கிள் எடுத்தால் பொமார், வொல்னே, மெர்சோ ஊர்கள் வழியாகத் தோட்டங்களுக்கு நடுவிலேயே போகலாம். செப்டம்பர் அறுவடை நேரத்தில் சிறு விவசாயிகளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அக்டோபர் நடுவில் போங்கள்; எந்த வீட்டுக்குப் போனாலும் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.