லிங்க் டிரெய்னர் ஏஎன்டி-18 வலப்பக்கம் சாய மறுக்கிறது. எங்கே தேடுவது?

நீலப்பெட்டி:
அருங்காட்சியகத்துக்காக ஏஎன்டி-18 ஒன்றை (விமானிகள் தரையிலேயே ஓட்டிப் பழகிய, காற்றுத் துருத்திகளால் அசையும் பழைய பயிற்சிப் பெட்டி) ஓடும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். இடம் ஆஸ்திரேலியா. மோட்டார் தகட்டில் 110 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கிறது. 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துக் கொடுக்கிறோம். மூக்கு ஏறி இறங்குகிறது, ஆனால் மந்தம். இடப்பக்கம் நன்றாகவே சாய்கிறது. வலப்பக்கம் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. திரும்பும்போது சீரான இடைவெளியில் ஒரு குலுக்கல். மோட்டாரும் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. துருத்தித் துணி பழசு, மேலே சிலிக்கான் பூசிவிடலாமா?

துருத்திக்காரர்:
சிலிக்கான் டியூப்பை முதலில் ஒளித்து வையுங்கள். அது பட்ட மரத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. எட்வின் லிங்க் அமெரிக்காவின் பிங்காம்டனில் தன் அப்பாவின் ஆர்கன் (காற்றால் ஒலிக்கும் இசைக்கருவி) தொழிற்சாலையில் பழகிய வேலையைத்தான் 1929-இல் இந்தப் பெட்டிக்குள் வைத்தார். ஆர்கன் பழுதுபார்ப்பவர்களின் விதிதான் இதற்கும்.

வலப்பக்கம் சாய இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: வலது துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட வேண்டும், இடது துருத்திக்குள் வெளிக்காற்று நுழைய வேண்டும். இரண்டில் எது நடக்கவில்லை என்று பாருங்கள். காக்பிட்டில் யாரும் இருக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் பூட்டுப் பட்டைகளை மாட்டிவிடுங்கள்.

முதலில் இடது, வலது ஹோஸ்களைத் துருத்தி முனையில் கழற்றி மாற்றிச் சொருகுங்கள். கோளாறு இடப்பக்கத்துக்கு மாறினால் வால்வு அல்லது ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உறிஞ்சும்போது உள்சுவர் மடிந்து அடைத்துக்கொள்ளும். வலப்பக்கமே தங்கினால் ஹோஸ்களைப் பழையபடி மாட்டி, இடது துருத்தியின் ஹோஸை மட்டும் கழற்றித் திறந்து விடுங்கள். இப்போது வலப்பக்கம் சாய்ந்தால் இடதுக்குக் காற்று போகும் வழியில் அடைப்பு. அப்போதும் சாயாவிட்டால் வலது துருத்தி கசிகிறது, அல்லது இடதின் துணி விறைத்து விரிய மறுக்கிறது.

மின்கம்பி:
மந்தத்துக்கும் சூட்டுக்கும் காரணம் வேறு. ஆஸ்திரேலிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (சைக்கிள்). 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-இல் ஓடினால் வேகம் ஆறில் ஐந்து பங்குதான். மோட்டார் சுழற்றும் டர்பைன் (காற்றை உறிஞ்சும் விசிறி) தரும் உறிஞ்சல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் சுமார் 69 சதவீதமே கிடைக்கும். முழு 110 வோல்ட் கொடுப்பதால் மோட்டாரின் இரும்பு உள்ளகம் காந்தத்தால் செறிந்து சூடேறுகிறது. 92 வோல்ட்டுக்குக் குறைத்தால் சூடு தணியும், ஆனால் உறிஞ்சல் அதிகரிக்காது.

ஒற்றைக்கட்ட மோட்டாரை விஎஃப்டியில் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் கருவி) மாட்டாதீர்கள். ஸ்டார்ட் சுவிட்ச் உள்ள மோட்டாருக்கு அது ஆகாது. மூல மோட்டாரைச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அச்சு உயரமுள்ள மூன்றுகட்ட மோட்டாரை விஎஃப்டியில் 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவதுதான் என் தேர்வு. பழைய தகட்டில் எழுதிய சுழற்சி வேகத்தைத் தாண்ட வேண்டாம், ரோட்டருக்கு வயதாகிவிட்டது.

அளக்காமல் எதையும் பிரிக்காதீர்கள். தெளிவான குழாயை யு வடிவில் பலகையில் அடித்துத் தண்ணீர் நிரப்பினால் மானி தயார். கைநூல் பாதரச அங்குலத்தில் சொல்லும். ஓர் அங்குலத்துக்கு 34.5 செ.மீ. தண்ணீர் என்று கணக்கு.

நீலப்பெட்டி:
நன்றி. ஹோஸ் மாற்றியும் வலப்பக்கமே மந்தம். இடதைத் திறந்துவிட்டும் மாற்றமில்லை. வலது துருத்தியை அமுக்கி மூடி, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உடனே விரிகிறது. டயல் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, அதையும் திறந்து துடைக்கலாமா?

துருத்திக்காரர்:
அப்படியானால் வலது துருத்திதான். மடிப்பு மூலைகளைப் பாருங்கள், ரப்பர் அங்கேதான் முதலில் வெடிக்கும். ஒன்று போனால் மற்ற மூன்றும் அதே வயதுதான். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பியானோலாவுக்கு (தானே வாசிக்கும் பியானோ) விற்கும் மெல்லிய துணி இந்தப் பாரத்துக்குத் தாங்காது, ரப்பர் இட்ட இரட்டைப் பருத்தி வேண்டும்.

பசைக்குத் தச்சர்களின் வஜ்ஜிரமேதான். எடையில் ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். 70-ஐத் தாண்டினால் பிடிப்பு போய்விடும். வெள்ளைப் பசை வேண்டாம், அடுத்து பிரிப்பவர் மரத்தையே கிழிக்க வேண்டிவரும். முதலில் கீல் துணி. பிறகு பாதி திறந்த நிலையில் சுற்றுத் துணி. பசை இறுகுமுன் ஒருமுறை மூடித் திறந்து மடிப்பை நிலைப்படுத்துங்கள்.

குலுக்கல், பெட்டியைத் திருப்பும் காற்று மோட்டாரிலிருந்து வருகிறது. அதன் பத்துச் சிறு துருத்திகளில் ஒன்று கசிந்தாலே போதும். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். வால்வு உரசும் பரப்பில் கிராஃபைட் தூள் மட்டும். எண்ணெய் பட்டால் துணியும் போச்சு.

மின்கம்பி:
டயலைத் திறக்கவே கூடாது! அந்தக் கால ஒளிரும் எழுத்தில் ரேடியம் இருக்கலாம். மங்கியது அதோடு கலந்து ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு, அது அப்படியே இருக்கும். கதிரியக்கம் காட்டும் கைகர் மானியால் ஒவ்வொரு கருவியையும் அளந்து, சத்தம் கேட்பவற்றைத் தனியே சீட்டு ஒட்டி மூடி வையுங்கள். கண்ணாடி உடைந்தது இருந்தால் இரட்டைப் பையில் போட்டு, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்ட பிறகே அடுத்த வேலை.