என்தால்பி கணக்கு உங்களுக்கு எங்கே பிடிபட்டது? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி, டியூஷன் ஆசிரியர்:

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் எடுத்தாலே பாதி வகுப்பு கொட்டாவி விடும். அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில், மொட்டைமாடி ஷெட்டில். அன்று பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லை இரும்பு டிரம்மில் போட்டு நீற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்தேன். தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கல் விரிசல் விட்டு உதிர்ந்து, தளதளவென்று கொதித்தது. அடங்கிய பிறகு டிரம்மின் வெளிப்பக்கத்தைத் தொட்ட பையன், "இன்னா சார், இன்னும் இப்படிச் சுடுது!" என்று கையை உதறினான். சரி, கணக்குப் போடுவோம் என்றேன்.

என்தால்பி என்பது, திறந்த காற்றில் நடக்கும் வினையில் எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறது, உள்ளே போகிறது என்று கணக்குப் பார்க்கும் அளவு. மாற்றம் மைனஸ் என்றால் வெளியே, பிளஸ் என்றால் உள்ளே. உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போது ஆகும் மாற்றம்; மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு), மோலுக்குக் கிலோஜூலில்: சுட்ட சுண்ணாம்பு -635, தண்ணீர் -286, நீற்றிய சுண்ணாம்பு -986. விளைபொருளிலிருந்து வினைபடுபொருள்களைக் கழிக்க வேண்டும்: -986 - (-635 - 286) = -65. வழக்கம்போல ஒரு கூட்டம் அடைப்புக்குறிக்குள் இருந்த மைனஸை விழுங்கிவிட்டு -1907 என்றது. ஏறக்குறைய 29 மடங்கு! அவ்வளவு வெப்பம் வந்திருந்தால் டிரம்மும் இருக்காது, பக்கத்தில் நின்ற பெயின்டரும் இருக்க மாட்டார்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் 56 கிராம் ஒரு மோல். ஒரு கிலோ கல்லில் கிட்டத்தட்ட 18 மோல், அதாவது சுமார் 1160 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 293 கிலோஜூல் போதும். ஆக, ஒரு கிலோ கல் கிட்டத்தட்ட நாலு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும்.

எனக்குப் பிடித்த இடம் அப்புறம்தான் வருகிறது. காளவாயில் சுண்ணாம்புப் பாறையைச் சுட மோலுக்கு 178 கிலோஜூல் கொடுக்க வேண்டும். டிரம்மில் 65 திரும்பி வருகிறது. சுவரில் பூசியது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி பாறைப் பொருளாகவே ஆகும்போது 113. 65-ம் 113-ம் சேர்த்தால் அதே 178. எந்த வழியில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான் என்று 1840-இல் ஹெஸ் சொன்ன விதியை இதற்கு மேல் நான் என்னத்தை நடத்த?

ராணிப்பேட்டை, தோல் ஷாப்பில் வேலை:

எங்களுக்குத் தினமும் இதே பாடம்தான். பிக்கிள் போடும்போது, அதாவது பதனிடும் முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கும்போது, கந்தக அமிலத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஆறவைத்து, அப்புறம்தான் தோல் சுழலும் டிரம்முக்குள் தவணை தவணையாக விடுவோம். சூட்டோடு ஊற்றினால் தோல் கெட்டுப்போகும். மாற்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் அடிக்கும். புதுசாக வருபவர்களிடம் முதலில் சொல்வதே இதைத்தான். ஊரில் எங்கள் அப்பா யூரியா கரைக்கும்போது பக்கெட் ஜில்லென்று ஆகும். அது மோலுக்குச் சுமார் +15 கிலோஜூல் என்று என் மகள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

குடியாத்தம், மாணவி:

சார், டிரம் 65-க்கே கொதித்தது. சுவரில் 113 என்றால் சுவர் ஏன் சுடுவதில்லை? இன்னொன்று, தண்ணீருக்கு -286-க்குப் பதில் -242 போட்டதால் எனக்கு மார்க் போய்விட்டது.

சத்துவாச்சாரி, டியூஷன் ஆசிரியர்:

-242 நீராவிக்கு, -286 திரவத்துக்கு. நடுவிலுள்ள 44 ஆவியாக்கும் வெப்பம். எண்ணை எடுக்கும் முன் பொருள் திரவமா, வாயுவா என்று பார்க்க வேண்டும். சுவர் விஷயத்தில், என்தால்பி எவ்வளவு வெப்பம் என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாது. டிரம்மில் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது. சுவரில் கார்பன் டை ஆக்சைடை வாங்கும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். வருகிற வெப்பம் வரவர காற்றோடு போய்விடும்.