ரோமானிய வயலில் இரும்பு ஆணிகளுக்கு நடுவே காசு தேடுவது எப்படி?

சஃபோக்வாசி:
வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு விவசாயியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்ற உடன்பாட்டுடன், இரண்டு மாதங்களாக அவருடைய உழுத வயலில் மெட்டல் டிடெக்டருடன் நடந்துகொண்டிருக்கிறேன். வயலின் ஒரு மூலையில் ரோமானியர் காலத்துக் கூரையோட்டுத் துண்டுகளும் பளபளப்பான சிவப்புப் பானையோடுகளும் மேலாகவே கிடக்கின்றன. அந்த மூலையில்தான் கருவி ஓயாமல் இரைகிறது. தோண்டினால் துருப்பிடித்த ஆணிகளே வருகின்றன. இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை உயர்த்தினால் கருவி அடங்கிவிடுகிறது, ஆனால் காசும் கிடைப்பதில்லை. என்னிடம் இருப்பது 11 அங்குலக் காயில் (தரைமேல் வீசும் தட்டையான தலைப்பகுதி). அந்த மூலையை விட்டுவிட்டு, சத்தமில்லாத பகுதிக்குப் போய்விடலாமா?

ஆணிக்காரன்:
தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆணி குவிந்திருக்கும் இடத்தில் மரக் கட்டடம் இருந்திருக்கிறது என்றுதான் பொருள்; மனிதர் புழங்கிய இடத்தில்தான் காசு விழும். உங்கள் சிக்கல், இரும்பு காசை மறைப்பது. 11 அங்குலக் காயிலின் கீழே ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆணிகளும் ஒரு காசும் அகப்படும்போது, எல்லாம் கலந்த ஒரே சைகைதான் கருவிக்குக் கிடைக்கிறது. டிஸ்கிரிமினேஷன் அந்த ஆணிக்காக வாயை மூடும்போது, பக்கத்திலிருக்கும் காசையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

ஆகவே ஐந்து அல்லது ஆறு அங்குலக் காயில் ஒன்றை வாங்குங்கள். ஆழம் குறையும், ஆனால் உழவு மண்ணைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் அது பெரிய இழப்பன்று. டிஸ்கிரிமினேஷனை ஏறக்குறைய முழுவதும் குறைத்துவிட்டு, இரும்புக்குத் தாழ்ந்த ஒலியும் மற்றவற்றுக்கு உயர்ந்த ஒலியும் வருமாறு வைத்து, காதால் பிரித்தறியப் பழகுங்கள். ரிகவரி ஸ்பீடு (ஒரு சைகைக்குப் பின் அடுத்ததற்குக் கருவி எவ்வளவு விரைவில் தயாராகிறது என்பது) என்ற அமைப்பு இருந்தால் அதைக் கூட்டி, காயிலை மிக மெதுவாக வீசுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு வீட்டு முற்றத்தின் அளவைத் தாண்டினீர்கள் என்றால், வேகம் அதிகம்.

பழங்காசு:
மேலே சொன்னதோடு ஒரு திருத்தம். தட்டையான, துருவேறிய இரும்பு சில வேளை வெள்ளியைப் போலவே உயர்ந்த ஒலி தரும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசினால் ஒலி உடைந்துவிடும், ஆகவே தோண்ட வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில், ஆணிக்கு அருகே கிடக்கும் காசும் அப்படித்தான் ஒரு திசையில் மட்டும் பேசும். ஆகவே நான் தோண்டிவிடுவேன். எடுத்த ஆணியைத் திரும்ப மண்ணில் போடாமல் பையில் கொண்டுபோங்கள்; ஒவ்வோர் ஆணி போகும்போதும் அதற்கடியில் மறைந்திருந்தது வெளிப்படும். உழவு மண்ணுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். கலையாத அடுக்கு தொல்லியலாளர்களுக்கு உரியது.

சஃபோக்வாசி:
சிறிய காயில் மாற்றி மூன்று வாரம் ஆயிற்று. முதலில் நான்கு சின்ன வெண்கலக் காசுகள். நேற்று, ஒரு கை நீளத்துக்குள் இரண்டு டெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசுகள். அதே இடத்தில் மேலும் தோண்டலாமா?

பழங்காசு:
நிறுத்துங்கள். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் இரண்டு ஒரே புதைவைச் சேர்ந்தவையாக இருந்தாலே புதையல்தான். பதினான்கு நாட்களுக்குள் கொரோனருக்கு (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். அவை ஒரே புதைவா, தனித்தனியாகத் தவறியவையா என்பதை உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டத்தின்) ஃபைண்ட்ஸ் லியசான் அலுவலர், அதாவது பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்பவர், பார்த்துச் சொல்வார். இன்றே அவருக்கு எழுதுங்கள், விவசாயிக்கும் சொல்லுங்கள்.

உங்கள் சஃபோக்கிலேயே, ஹாக்ஸன் (Hoxne) என்ற ஊரில், 1992 நவம்பரில் ஒருவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்தித் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்ததால்தான், ஏறக்குறைய 15,000 காசுகளோடு, அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. அந்தச் சுத்தியலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது!

சஃபோக்வாசி:
மிக்க நன்றி. எழுதிவிட்டேன். குழியை மூடி, இடத்தின் கிரிட் எண்ணை (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்) எட்டு இலக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். காசுகளைக் கழுவலாமா?

ஆணிக்காரன்:
வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். மண்ணோடு அப்படியே தனித்தனிப் பையில் போட்டு, எது எங்கே கிடைத்தது என்று மேலே எழுதிக் கொடுங்கள்.