நூதனசாலைக்குப் போனால் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து:

பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் எல்லோரும் பாசிக்குடா, அறுகம்பை என்றுதான் சொல்கிறார்கள். கடல் எங்கும் போய்விடாது. நம்முடைய பழைய இடங்களைப் பற்றிச் சொல்லித்தரக்கூடிய ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன். நீங்கள் போய்ப் பார்த்த இடம், அங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்பதை எழுதுங்கள்.

நான் என் மாமியை மட்டக்களப்புக் கோட்டைக்குக் கூட்டிப்போனதைச் சொல்கிறேன். போகும் முன் நன்றாக வாசித்துக்கொண்டேன். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டை. பத்து வருஷத்துக்குள், 1638 இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. வாசலுக்கு மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இன்றும் தெரிகிறது. மகனுக்கு அதைக் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மாமிக்கு அது ஒல்லாந்தர் கோட்டையே இல்லை, அரசாங்க அலுவலகமான கச்சேரி. உள்ளே கால் வைத்ததும் கதை தொடங்கிவிட்டது. காணி அலுவலாக மாமாவோடு விடியப்புறம் பஸ் ஏறி வந்தது, கட்டிக்கொண்டு வந்த சோற்றை மர நிழலில் வைத்துத் தின்றது, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த போடிமார், அதாவது பெரிய வயற்காரர்கள், வெள்ளை வேட்டி சால்வையோடு வரிசையில் நின்றது. “இந்த மதிலோரமாத்தான்கா பெட்டிஷன் எழுதுறவர் மேசை போட்டிருப்பார். அவர் எழுதினாத்தான் துரைமார் பார்ப்பாங்க எண்டு சனம் நம்பிச்சிது” என்றார். மகன் பீரங்கியை விட்டுவிட்டு மாமியின் பின்னால் போய்விட்டான். ஒரு கோட்டைக்குள் இரண்டு வரலாறு இருக்கிறது. முத்திரையில் இருப்பதைப் புத்தகத்தில் எப்போதும் வாசிக்கலாம். மாமியிடம் இருப்பதை இப்போதே கேட்டால்தான் உண்டு.

காத்தான்குடியிலிருந்து:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ஊர்ப் பூர்வீக நூதனசாலைக்கு உம்மாவோடு போனேன். பிரதான வீதியிலேயே இருக்கிறது. முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை ஆளுயர உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் தனியாகப் போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்திருப்பேன். உம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். பன் என்கிற புல்லால் பன்பாய் இழைக்கிறதைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். பன்னை வெட்டுவது, காயவைப்பது, சாயம் காய்ச்சி நனைப்பது, எந்தக் கையால் இழுத்து எந்தக் கையால் அழுத்துவது என்று நின்ற இடத்திலேயே விரலால் செய்து காட்டினார். மூத்தும்மா இழைத்த பாய் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதை எடுத்து வெயிலில் போட்டு இப்போது கூடத்தில் விரித்திருக்கிறோம்.

ஊருக்கு வருகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்கும் போங்கள். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இந்தப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்தவர்கள், சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுவரில் இருக்கிற சூட்டுக் காயங்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறோம். தொழுகை நேரம் தவிர்த்து வந்து, அங்கே இருக்கிற பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். படம் எடுப்பதற்கு முன்னாலும் கேளுங்கள்.

அரசடித்தீவிலிருந்து:

காத்தான்குடிச் சகோதரி எழுதியதை வாசித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு வருகிறவர்கள் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுகிறார்கள், போர்த்துக்கேயத் தளபதியின் முன்னால் எழுந்து புல் தின்ற கல் நந்தியின் கதையைக் கேட்கிறார்கள், தேரைப் பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். பக்கத்தில் மகிழடித்தீவில் ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூன் 12 இலும் கொல்லப்பட்ட எங்கள் சனத்தை நினைக்கிற இடம். அங்கே வழிகாட்டி யாரும் இல்லை. ஆனால் கடைக்காரரிடமோ, வேலியோரம் நிற்கிற ஒரு அம்மாவிடமோ கேட்டால் சொல்வார்கள். நான் ஒருவரிடம் கேட்டபோது அவர் முதலில், “மகன் நீங்க எந்த ஊர், ஆற்ற பிள்ள?” என்று விசாரித்தார். அதற்குப் பிறகுதான் கதைத்தார். இப்படியான இடங்களில் அவசரப்படக் கூடாது. அவர்கள் நிறுத்தினால் நாங்களும் நிறுத்த வேண்டும்.

1990 களைத் தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கத்துச் சனமும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்கிற இடமாக ஒரு நூதனசாலை எங்கள் மாவட்டத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அம்பாறை நகரத்திலிருந்து:

ஒரு சின்ன மறுப்பு. எல்லா இடத்துக்கும் பெரியவர்களைக் கூட்டிப்போக முடியாது. மகா ஓயா வீதியில் இருக்கிற, பழைய பௌத்த மடாலய இடிபாடுகள் உள்ள இராஜகலைக்கு நான் போனேன். ஆயிரம் அடிக்கு மேல் உயரமான மலை, காட்டுக்குள்ளால் ஏற வேண்டும், யானை நடமாட்டமும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சரிவராது.

ஆனால் அங்கேயும் ஒரு மனிதர்தான் எனக்கு இடத்தைத் திறந்துவிட்டார். தொல்பொருள் திணைக்களத்து வேலைக்கு உள்ளூரிலிருந்து வருகிற ஒரு மாமா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில்தான் கேட்டேன். பௌத்த பிக்குகளான மகிந்த தேரர், இத்திய தேரர் இருவரின் பெயரும் சொல்லும், பழைய பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு இருக்கிற இடத்துக்கு அவரே கூட்டிப்போனார். அந்தத் தேரர்கள் தேவநம்பியதீச மன்னன் காலத்தில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். பிராமி எழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருந்தாலும் உச்சி வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. அவர் கொஞ்சத் தண்ணீரைக் கையில் எடுத்துத் தெளிக்கப் போனார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, காலையில் சரிந்த வெளிச்சம் விழும் நேரம் வந்து பார் என்றார். கல்லைத் தொடவும் விடவில்லை. அந்தக் கரிசனம் எனக்குப் பிடித்தது. காலையில் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், பின்னேரத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்.

தம்பிலுவிலிலிருந்து:

கல்வெட்டு என்றதும் எங்கள் பக்கத்தையும் சேர்க்கிறேன். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் விஜயபாகு தேவரின் பெயர் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் கிடைத்ததால் தம்பிலுவில் கல்வெட்டு என்பார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கான சனத்தில் அதைக் கேட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. திருவிழா இல்லாத நாளில் வந்து கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரைக் கண்டு கேளுங்கள்.

குருமண்வெளியிலிருந்து:

நான் மண்டூரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பாதை நின்றுவிட்டது. எங்கள் ஊருக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை ஓடுகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு இப்படிக் கடந்து போவதே ஒரு பழைய அனுபவம். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். நடு வாவியில் அவர் எழுந்து நின்று, மீனுக்கு எங்கே கரப்புக் குத்துவார்கள், எந்தப் பக்கம் அத்தாங்கு வைப்பார்கள் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பாதைக்காரத் தம்பியும் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இருவரும் முன்பின் தெரியாதவர்கள். இறங்கும்போது உறவு கண்டுபிடித்துவிட்டார்கள்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பெரிய கோபுரத்தையும் விக்கிரகத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாறுவார்கள். மூலஸ்தானத்தைத் திரை மறைத்திருக்கும். பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மந்திரச் சத்தம் கேட்காது. பிள்ளைகள் கூடத் தானாக அடங்கி நிற்பார்கள்.

பெரியப்பா வெளி வீதியில் உட்கார்ந்து சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். ஆவணித் திருவிழாவில் எந்தத் திருவிழா எந்த ஊருக்கு, எந்தக் குடிக்கு என்று பங்கு இருக்கிறது. குடி தாய்வழியாக வருவது. ஆகவே நான் அப்பாவின் குடி இல்லை, அம்மாவின் குடி. என் குடியின் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அதற்குக் கோயிலில் என்ன கடமை, என்ன உரிமை என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. யார் வீட்டிலிருந்து என்ன கொண்டுவர வேண்டும், யாருக்கு முதலில் காளாஞ்சி மரியாதை, எந்த வருஷம் இதற்காகச் சண்டை வந்தது, யார் வந்து தீர்த்தார்கள் என்று பெரியப்பா அடுக்கடுக்காகச் சொன்னார். இவற்றில் பெரும்பகுதி எந்த எழுத்திலும் இல்லை. அவருடைய அனுமதியோடு தொலைபேசியில் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன். சண்டைக் கதையில் வருகிற பெயர்களை மட்டும் வெளியே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். விடமாட்டேன்.

கல்லடியிலிருந்து:

சுருக்கமாக. சிவானந்தா வித்தியாலயத்துப் பக்கம் சுவாமி விபுலானந்தரின் சமாதி. காரைதீவில் 1892 இல் பிறந்தவர், 1947 இல் மறைந்தார். அவர் தமிழிசை பற்றி எழுதிய யாழ் நூல் வெளியானதும் அதே வருஷம். அவருடைய “வெள்ளை நிற மல்லிகையோ” என்ற பாடலை அந்த இடத்திலேயே நின்று பிள்ளைகளைப் பாடச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்கு மனப்பாடம். பிறகு 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து போங்கள். வாகனமெல்லாம் பக்கத்துப் புதுப் பாலத்தில் போய்விடும். கடற்கரையில் 2004 சுனாமியில் சரிந்த திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தையும் பாருங்கள்.

மறுபடியும் களுவாஞ்சிகுடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அரசடித்தீவுத் தம்பியின் ஆசையே எனக்கும்.

குரல் பதிவைப் பற்றித் தனிச் செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். குருமண்வெளிக்காரர் செய்ததுபோல் முதலில் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பதிவின் தொடக்கத்தில் ஆளின் பெயர், ஊர், வயது, திகதி நான்கையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சில வருஷத்தில் யார் பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஒரு பிரதியைத் தொலைபேசிக்கு வெளியிலும் வையுங்கள். கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். “அந்தக் காலம் எப்படி?” என்று கேட்காமல், “களவெட்டியில் நெல்லை யார் அளப்பார்?” என்று கேளுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு வருகிறது. மாமியோடு செட்டிபாளையத்துக்குப் போகப்போகிறேன். அங்கே கண்ணகி வழக்குரைக் காவியம் படிக்கிறவர்களில் யாராவது ஒருவரிடம் கதைக்க முடிந்தால் இங்கே எழுதுகிறேன். அந்த நாட்களில் வருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஒன்றாகவே போகலாம்.

குருமண்வெளியிலிருந்து:

நாங்கள் வருகிறோம், பெரியப்பாவும் வருவார். ஒருவர் பாதையில் வயதானவர்கள் ஏறலாமா என்று கேட்டிருந்தார். ஏறலாம். காலையில் காற்று எழும்ப முன் வந்துவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பாதைக்காரரிடம் சொன்னால் கை பிடித்து விடுவார்கள்.