நவம்பரில் கிராமப்புற ஹோட்டல் கல்யாணம்: போஸ் கொடுக்காமல் படம் எடுக்க முடியுமா?

நவம்பர்_மணமகள்

அக்காமார், அண்ணாமார், ஒரு யோசனை சொல்லுங்கள். நவம்பர் நடுவில் எனக்குக் கல்யாணம். இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு பழைய மாளிகை ஹோட்டல், அந்த ஊருக்கே உரிய தேன் நிறக் கல்லில் கட்டியது. மாப்பிள்ளை ஆங்கிலேயர், நான் லண்டன் ஹரோவில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. மதியம் 1 மணிக்குப் பதிவுத் திருமணம், 2 மணியிலிருந்து ஐயர் வந்து தாலி கட்டு, அப்புறம் சாப்பாடும் நடனமும். எல்லாம் ஒரே இடத்தில், நூறு பேருக்குள்.

எங்கள் பக்கக் கல்யாணங்களில் மணவறையைச் சுற்றி நாலைந்து கேமராக்காரர்கள் லைட்டோடு நிற்பார்கள், தாலி ஏறும் நேரத்தில் சபைக்குத் தெரிவது அவர்களுடைய முதுகுதான், போதாததற்கு ‘மாலையை இன்னொருக்கா போடுங்கோ’ என்று திரும்பச் செய்ய வைப்பார்கள். எனக்கு அது வேண்டாம். நடக்கிறதை நடக்கிறபடி ஓரமாக நின்று எடுக்கிற, டாக்குமெண்டரி மாதிரி எடுக்கிற ஒருவர் வேண்டும். இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன், இருவருமே தமிழ்க் கல்யாணம் எடுத்ததில்லை. அம்மாவோ, ‘சொந்தக்காரர் முகம் ஒழுங்காக விழாத ஆல்பம் எதுக்கு?’ என்று கேட்கிறார். யாரை நம்பி, என்ன கேட்டுப் பதிவு செய்வது?

ஒளிக்குப்_பின்னால்

வாழ்த்துகள் தங்கச்சி. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் நேர அட்டவணையைப் பாருங்கள். நவம்பர் நடுவில் அந்தப் பக்கம் சூரியன் நாலேகால் சுமாருக்கு மறைந்துவிடும், மேகம் மூடிய நாளென்றால் மூன்றரைக்கே வெளிச்சம் போய்விடும். பதிவு 1 மணிக்கு என்றால் முடிய ஒன்றரை. 2 மணிக்கு ஐயர் தொடங்கி, கூறை கொடுத்து, நீங்கள் போய் மாற்றிக்கொண்டு வருவதற்கே அரை மணிக்கு மேல் ஆகும், தாலி ஏறி ஆசீர்வாதம் முடியும்போது வெளியே கும்மிருட்டு. அவ்வளவு அழகான கல் கட்டடத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, அதன் முன்னால் பகல் வெளிச்சத்தில் ஒரு படம்கூட இருக்காது. பதிவாளர் நேரம் கவுன்சிலில் பதிவு செய்தது, சுலபத்தில் மாறாது. அதனால் ஐயரிடம் பேசி, காலையில் சுபநேரம் இருந்தால் தாலி கட்டை 10 மணி வாக்கில் வைத்து, பதிவை அதற்குப் பிறகு வையுங்கள். எது முதல் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. பதிவாளர் நடத்தும் சடங்கில் மதம் கலக்கக் கூடாது, அவ்வளவுதான், இரண்டும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

இயல்பான படம் அவசரம் இல்லாத இடத்தில்தான் கிடைக்கும். பொம்பிளை அரக்கப் பரக்க ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு கெட்டிக்காரர் எடுத்தாலும் படத்தில் அந்தப் பதற்றம்தான் விழும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டாகிராமில் இருக்கிற பத்துப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர்காலத்தில் உள்ளறையில் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தை, தொடக்கம் முதல் கடைசி வரை காட்டச் சொல்லுங்கள். அந்த ஹோட்டல்களில் சுவரெல்லாம் கருத்த ஓக் பலகை, கூரையில் மர உத்தரம். ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் பாதி மரத்திலேயே போய்விடும், மீதி மஞ்சள் கபிலமாக முகத்தில் விழும். அங்கே வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற 1.4, 1.8 துளை லென்ஸ் வைத்து, கேமராவின் ஒளி உணர்வை (ஐஎஸ்ஓ) 6400 வரை பயப்படாமல் கூட்டுகிறவர் வேண்டும். சத்தமில்லாத ஷட்டரைப் பெருமையாகச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் சில எல்இடி விளக்கின் கீழ் அது படத்தில் கோடு கோடாக விழும். அதை எப்படிச் சமாளிப்பார் என்று கேளுங்கள், அனுபவம் உள்ளவர் உடனே பதில் சொல்வார்.

சாப்பாட்டு மேசையையும் கவனியுங்கள். மணமக்கள் மேசையைப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் போடுவார்கள். இருட்டின பிறகு அந்தக் கண்ணாடி எல்லா விளக்கையும் ஃப்ளாஷையும் அப்படியே திருப்பிக் காட்டும். ஒன்று திரையை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேசையை மாற்றச் சொல்லுங்கள்.

மூத்தவள்_67

பிள்ளை, அம்மா சொல்வதையும் கொஞ்சம் கேள். நாங்கள் கட்டின காலத்தில் இங்கே ஹோட்டலில் சட்டப்படி கல்யாணம் செய்யவே முடியாது, 1995க்குப் பிறகுதான் அது வந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு மண்டபத்துக்கு ஓடினோம். அன்றைக்கு ஒரு மாமா எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடுத்த குடும்பப் படம்தான் இன்றைக்கும் என் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அதில் நிற்கிற பாதிப் பேர் இப்போது இல்லை. என் பெரியம்மா கமராவை நேராகப் பார்த்துச் சிரித்த ஒரே படம் அது.

டொரொண்டோவில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வயதானவர்கள் வருவார்கள், அவர்கள் பக்கத்தில் நீ நிற்கிற ஒரு படமாவது அவர்களுக்கும் வேண்டும். போஸ் வேண்டாம் என்று அதையும் விட்டுவிடாதே. நீ விரும்புகிற மாதிரி எடுப்பவர் நாள் முழுக்க அப்படியே எடுக்கட்டும், அரை மணி நேரத்தை மட்டும் அம்மாவுக்குக் கொடு.

ஒளிக்குப்_பின்னால்

அக்கா சொல்வது முழுக்கச் சரி. இந்த மாதிரி எடுக்கிற நல்லவர்கள் யாரும் குடும்பப் படம் எடுக்க மாட்டேன் என்று சொல்வதில்லை. ஒரு கூட்டத்துக்கு மூன்று நிமிடம் வையுங்கள், பத்துக் கூட்டம் என்றால் அரை மணி. அதற்கு மேல் போனால், பதிவு முடிந்து எல்லாரும் கையில் கிளாஸோடு பேசிச் சிரிக்கிற அந்த ஒரு மணி நேரம் வரிசையில் நின்றே போய்விடும், நீங்கள் ஆசைப்படுகிற படங்கள் விளைகிற நேரமும் அதுதான். பட்டியலை முன்கூட்டியே எழுதுங்கள், இரண்டு பக்க உறவையும் முகம் தெரிந்த, சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஒரு மச்சானிடம் கொடுங்கள். வயதானவர்களை முதலில் எடுத்து உள்ளே அனுப்பிவிட வேண்டும், நவம்பர் குளிர். மழை வந்தால் எங்கே நிற்பது என்றும் இப்போதே ஹோட்டலில் பார்த்து வையுங்கள்.

கையெழுத்துக்கு_முன்

ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கே 1988 காப்புரிமைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான், காசு கொடுத்த உங்களுக்கு இல்லை. அச்சிடவும் பகிரவும் உங்களுக்கு அனுமதி உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 85ஆம் பிரிவு, சொந்த வீட்டுத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்களைப் பொதுவெளியில் போடாமல் தடுக்கும் உரிமையை எடுக்கச் சொன்னவருக்குக் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்ற வரிக்குக் கையெழுத்து வைத்தால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி. சம்மதம் என்றால் வையுங்கள், இல்லையென்றால் அந்த வரியை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

இன்னும் கேட்க வேண்டியவை: ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகிற கேமராவா, அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார், படங்கள் எத்தனை வாரத்தில் கைக்கு வரும். பொறுப்புக் காப்பீட்டுச் (public liability) சான்று இல்லாதவரைப் பல ஹோட்டல்கள் உள்ளே விடுவதில்லை, அதையும் பாருங்கள்.

நவம்பர்_மணமகள்

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐயரோடு பேசினேன், காலை 10 மணிக்கு மேல் நல்ல நேரம் இருக்கிறதாம்! மூத்தவள் அக்கா சொன்னதை வாசித்துக் காட்டியதும் அம்மாவே பட்டியல் எழுத உட்கார்ந்துவிட்டார். ஒன்றுதான் மிச்சம், தமிழ்க் கல்யாணமே பார்க்காதவர் தாலி கட்டைச் சரியாக எடுப்பாரா?

ஒளிக்குப்_பின்னால்

எடுப்பார், நீங்கள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால். சடங்குகளின் வரிசையை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், உறவினர் கல்யாண வீடியோ ஒன்றையும் காட்டுங்கள். முக்கியமாக மூன்று விஷயம். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போனால் அடுத்த சில நொடிகளில் தாலி ஏறிவிடும், திரும்ப நடக்காது. அந்த நேரம் சபை எழுந்து அறுகரிசி போடும், பின்னால் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் மணவறையின் பக்கவாட்டில், தாழ்வாக உட்காரக்கூடிய ஓர் இடத்தை ஐயரிடம் சொல்லி ஒதுக்குங்கள். மூன்றாவது, அந்த நொடியில் படம் எடுக்கிற இரண்டாவது ஆள் ஒருவர் உங்கள் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீடியோ எடுப்பவர் தனியாக வருகிறார் என்றால் இருவரையும் முன்பே பேசவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த முதுகுப் பிரச்சினை திரும்ப வரும். ஹோம நெருப்புக்கு ஹோட்டலின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அந்த அறையின் புகை அலாரத்தை யார், எத்தனை மணிக்கு நிறுத்தி வைப்பார் என்பதும் அதில் இருக்கட்டும்.