புது கேம் மெஷின்: காசு நம்முடையது, கேம் யாருடையது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்பனைக்காடு:

தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது, நேராக வருகிறேன். போன தீபாவளி போனஸில் டிஸ்க் போடாத மாடல் வாங்கினேன். தெரிந்தேதான் வாங்கினேன், விலை சில நூறு வெள்ளி குறைவு. நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. எங்கள் வரிசையில் கேம் டிஸ்க் ஒரு வீட்டுச் சொத்து கிடையாது. மூன்றாம் வீட்டில் முடித்தால் ஆறாம் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கோயில் பக்கத்து வீட்டுக்கு. திரும்பி வரும்போது பெட்டி மாறியிருக்கும், டிஸ்க் மட்டும் அதேதான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஃபாரம் டூ படிக்கிறான். நான் புது மெஷின் வாங்கியது காதில் விழுந்ததும் தன் கால்பந்து டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தான். முன்பக்கம் தடவினான், பக்கவாட்டில் தடவினான். அப்புறம் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, காற்று போகிற ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்கு வாய் எங்கண்ணே?"

இதில் டிஸ்க் கிடையாதுடா, கடையில் காசு கட்டி நெட்டில் இறக்கணும் என்றேன். "அப்ப நீங்க முடிச்சதும் எனக்கு எப்படிக் குடுப்பீங்க?" என்றான். நான் என்ன சொல்வது? முடித்த கேம் என் கணக்கிலேயே கிடக்கும். அவனுக்குக் கொடுக்கவும் முடியாது, பாதி விலைக்கு விற்கவும் முடியாது.

டிஸ்க் போடுகிற டிரைவ் தனியாக விற்கிறார்கள், வாங்கி மாட்டு என்று யாரும் எழுத வேண்டாம். அதுவும் தெரியும். மாட்டினாலும் முதல் தடவை நெட்டில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய லயம்:

தம்பிக்கு இப்போதுதான் தெரிகிறதா? நம் ஊரில் கேம் என்றைக்கு நம்முடையதாக இருந்தது? பிளேஸ்டேஷன் 2 காலத்தில் திருட்டு டிஸ்க் ஓடுவதற்குச் சிப் வைத்த மெஷின்தான் எல்லார் வீட்டிலும். டிஸ்க் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே ஜெராக்ஸ் படம். ஓடினால் நம் அதிர்ஷ்டம். சொந்தம், உரிமை என்று அன்றைக்கு எவனும் பேசவில்லை, ஆடினோம், தூங்கினோம். இப்போது கம்பெனிக்காரன் தன் பொருளுக்குப் பூட்டுப் போடுகிறான். சும்மா கத்தி என்ன ஆகப் போகிறது?

நாலாம் டிவிஷன் அக்கா:

எங்கள் வீட்டுக் கதை வேறு. மெஷின் எங்களுடையது, கேம் எல்லாம் பெரியவன் கணக்கில். அவன் ஜொகூரில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான், அறையில் இன்னொரு மெஷின் வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவன் கடைசி ஆளை அடிக்கிற கட்டம். பெயர் எனக்குத் தெரியாது, கொம்பு வைத்த பெரிய உருவம். அடி விழுந்துகொண்டே இருக்கிறது, திடீரென்று திரை நின்றுவிட்டது. இந்தக் கணக்கு வேறொரு மெஷினில் ஓடுகிறது என்று ஒரு கட்டம் வந்தது. ஜொகூரில் அண்ணன்காரன் எழுந்து பல் விளக்கிவிட்டு மெஷினைத் திறந்திருக்கிறான், அவ்வளவுதான் நடந்தது.

சின்னவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கத்துகிறான். "அண்ணே, வெளிய போண்ணே! ரெண்டு அடிதான் பாக்கி!" அந்தப் பக்கம், "என் கேம்டா, நீ வெளிய போ!" நடுவில் நான் தோசைக் கரண்டியோடு நிற்கிறேன். அந்தக் கேமுக்குக் காசு கொடுத்தது நான். யாரை வெளியே போகச் சொல்வது?

இவர்கள் அப்பா இன்றுவரை கேட்கிறார்: "ரெண்டு வீட்டுலயும் மெஷின் இருக்குல்ல, அப்புறம் என்ன சண்டை?" அவர் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

வயர்மேன்:

என் அனுபவம் சின்னது. இடி விழுந்து மோடம் கருகிவிட்டது, புதுசு வரும் வரைக்கும் காசு கட்டி வாங்கிய கேம் பூட்டுப் படத்தோடு உட்கார்ந்திருந்தது. அதை விடுங்கள்.

அக்கா, உங்கள் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. வீட்டு மெஷினைப் பெரியவன் கணக்கின் முதன்மை மெஷினாக மாற்றச் சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ் உள்ளே 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்று இருக்கும், எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்'. அப்படிப் போட்டுவிட்டால் அந்த மெஷினில் சின்னவன் தன் கணக்கிலேயே நுழைந்து அண்ணன் வாங்கிய கேமை ஆடலாம். நெட் அறுந்தாலும் ஓடும். பெரியவன் ஜொகூரில் தன் கணக்கில் நுழைந்து ஆடுவான், நெட் விடாமல் இருக்க வேண்டியது அவனுக்குத்தான். ஜொகூரில் நெட்டுக்கு என்ன குறைச்சல்? எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காசு கட்டியவன் தன் அறை மெஷினை முதன்மை ஆக்கிக்கொள்கிறான், மழைக்கு நெட் போகிற தோட்டத்து வீடு தவிக்கிறது. எக்ஸ்பாக்ஸ் என்றால் யோசித்துப் போடுங்கள், வருஷத்துக்கு ஐந்து தடவைதான் மாற்ற விடுவார்கள்.

நின்டெண்டோ வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2025 ஏப்ரலில் 'விர்ச்சுவல் கேம் கார்ட்' கொண்டுவந்தார்கள். இறக்கி வாங்கிய கேமைக் குடும்பக் குழுவில் இருக்கிறவருக்கு இரவல் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது இரண்டு மெஷினும் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் கேம் தானாகவே திரும்பிவிடும். அதாவது அண்ணன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தால்தான் தம்பிக்குக் கொடுக்க முடியும், முறுக்கு தீருவதற்குள் அது அண்ணனிடமே திரும்பிவிடும்.

இன்னொன்று, இடி இடித்தால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்காதீர்கள், மோடத்துக்கு வருகிற வயரையும் கழற்றி வையுங்கள். எங்கள் வரிசையில் டிவி போனதெல்லாம் அந்த வழியில்தான்.

நாலாம் டிவிஷன் அக்கா:

நன்றி தம்பி. முதன்மையை மாற்றச் சொன்னதற்குப் பெரியவன் "யோசிக்கிறேன்மா" என்கிறான். யோசிக்கட்டும்.

கிராணி மகன்:

பழைய லயம் அண்ணே சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கத்தினால் ஒன்றும் ஆகாதா? 2013 மறந்துவிட்டதா? மே 21-ஆம் தேதி மைக்ரோசாப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்ற புது மெஷினை அறிமுகம் செய்தது. ஜூன் மாதம் விதிகளை எழுத்தில் போட்டார்கள். மெஷின் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை நெட்டில் தலைகாட்ட வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் கையில் இருந்தாலும் கேம் ஓடாது. நண்பருக்குக் கேமைக் கொடுக்க வேண்டுமா? அவர் உங்கள் பட்டியலில் 30 நாள் இருந்திருக்க வேண்டும், ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம். நெட் இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டதற்கு, அவர்களுக்குத்தான் பழைய மெஷின் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்றார் அப்போது அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டான் மேட்ரிக். வயர்மேன் அண்ணே வீட்டு மோடம் கருகியதை வைத்து இதை யோசித்துப் பாருங்கள்.

அந்த மாதமே சோனி ஒரு வீடியோ போட்டது, அரை நிமிஷம்கூட வராது. பிளேஸ்டேஷன் 4-இல் கேமை நண்பரோடு பகிர்வது எப்படி என்று பாடம். ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். பாடம் முடிந்தது. நான் அதை ஈப்போவில் ஒரு சைபர் கஃபேயில் பார்த்தேன். பக்கத்து இருக்கைச் சீனப் பையன் என் திரையை எட்டிப் பார்த்து, தன் சிகரெட் பெட்டியை எடுத்து அதே மாதிரி என்னிடம் நீட்டினான். கடை முதலாளி தவுக்கே முறைக்கும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். அவன் பெயர்கூடத் தெரியாது.

ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாப்ட் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கியது. கத்தியதால்தான். ஆனால் எனக்கு உறுத்துவது அப்புறம் நடந்ததுதான். அன்றைக்கு அப்படிச் சிரிக்க வைத்த சோனி 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை டிஸ்க் டிரைவ் இல்லாமலே விற்றது. இந்தத் தடவை அவ்வளவு சத்தம் எழவில்லை.

பழைய லயம்:

தம்பி, 2013-இல் கத்தியது அமெரிக்காக்காரன். சுங்கை சிப்புட்டில் கத்தினால் ஈப்போவுக்கே கேட்காது. டிஸ்க் இருந்தால் சொந்தம் என்று நினைக்கிறாய். 'தி க்ரூ' கதையைப் பார். 2014-இல் வந்த கார் பந்தயம், நெட் சர்வர் இல்லாமல் ஓடாது, 2024 மார்ச் 31-ஆம் தேதி அதை வெளியிட்ட யூபிசாப்ட் சர்வரை மூடியது. டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் ஓடவில்லை.

கிராணி மகன்:

அதற்குத்தானே 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்', கேமைக் கொல்லாதே என்று ஓர் இயக்கம் ஆரம்பித்து, ஐரோப்பாவில் 2025-க்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது: சொந்தமாகாத கேமுக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கத்தாமலா வந்தது?

பழைய லயம்:

சொல்லிவிட்டுப் பூட்டுகிறான். சரி, நல்ல முன்னேற்றம்.

டவுன் ஹேண்ட்போன் கடை:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், இதைக் கேளுங்கள். டவுனில் ஹேண்ட்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஓர் அங்கிள் வந்தார், செம்பனைக் குலை வெட்டுகிறவர், முழங்கையில் முள் கீறல் ஆறாமல் இருந்தது. கையில் பிடித்து ஆடுகிற புது வகை மெஷின், நெட்டில் எவனோ செகண்ட் ஹேண்ட் விற்றதை வாங்கியிருக்கிறார். மகளுக்கு. கண்ணாடியில் கீறல் கிடையாது, பெட்டி, சார்ஜர், பில் எல்லாம் இருக்கிறது. "நெட் மட்டும் வரல தம்பி, வைஃபை போயிருச்சா பாருங்க."

என் கடை வைஃபையில் போட்டேன், ஒட்டியது. ஸ்டோரைத் திறந்தேன், ஒரு எண்ணோடு செய்தி வந்தது. கம்பெனி அந்த மெஷினையே நெட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது. முன்னால் வைத்திருந்தவன் ஏதோ திருட்டு நகல் கேம் கார்ட் போட்டிருப்பான். கணக்கு மாற்றினாலும், எல்லாம் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தாலும் போகாது, தடை மெஷினுக்கே.

"அப்ப ஸ்பேர் பார்ட் மாத்தினா?" என்றார். இல்லை அங்கிள். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல." இல்லை அங்கிள். விற்றவனைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார். அவன், "ஆன் ஆகுதா இல்லையா? ஆன் ஆகுதுல்ல?" என்று கேட்டு வைத்துவிட்டான். அவர் என்னைப் பார்த்தார், நான் என் ஸ்குரூ டிரைவரைப் பார்த்தேன். உடைந்த பொருளைச் சரி செய்வதுதான் என் தொழில். இதில் எதுவுமே உடையவில்லை.

இப்போது யார் பழைய மெஷின் கொண்டுவந்தாலும் முதலில் என் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டோரைத் திறந்து பார்க்கிறேன், அப்புறம்தான் விலை பேச்சு. நீங்களும் விற்கிறவனை ஒரு கடையில் உட்கார வைத்து, ஸ்டோர் திறந்து, சின்ன இலவச டெமோ ஒன்றை இறக்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். டெமோ இறங்க மூன்று நிமிஷம், அதற்குள் அவன் தே தாரேக் குடிக்கட்டும்.

ஈப்போ ரோடு:

கடைக்காரரே, இதற்குச் சட்டம் இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீல் வேண்டாம். ஆனால் இது கடையில், வியாபாரியிடம் வாங்கினால்தான். நெட்டில் தன் பழைய பொருளை விற்ற தனி ஆள் மேல் போக முடியாது. அதனால் பழைய மெஷின் என்றாலும் பில் போடுகிற கடையில் வாங்குங்கள், பில்லில் 'நெட், ஸ்டோர் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஒப்பந்தத்தையும் படியுங்கள். நின்டெண்டோ 2025 மே மாதம் மாற்றிய அமெரிக்க ஒப்பந்தத்தில், விதியை மீறினால் மெஷினையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை, கீழே இழுத்து 'சம்மதம்' அழுத்திவிடுகிறோம்.

என் அனுபவம் எதுவும் இல்லை, நான் கேம் ஆடுவதில்லை.

பழைய லயம்:

கேம் ஆடாதவர்தான் இங்கே நீளமாக எழுதுகிறார்.

மண்டோர் பேரன்:

எல்லாரும் டிஸ்க்குக்கு அழுகிறீர்கள். எங்கள் வீட்டு டிஸ்க் பாதியில் பூஞ்சணம், மீதியைத் தங்கச்சி மகள் தட்டாக வைத்துச் சோறு பொங்கி விளையாடினாள். இறக்கி வாங்கியது எதுவும் இதுவரை போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன், அடிக்க வராதீர்கள்.

மழைக்கால மோட்டார்:

நடுவர் மன்றம் என்று படித்ததும் சிரிப்பு வந்தது, ஐந்து வெள்ளி கட்ட ஈப்போ போக பெட்ரோல் யார் கொடுப்பது? என் கதை இது. பிளேஸ்டேஷன் மெஷினை அண்ணன் கொடுத்துவிட்டுப் போனான், கணக்கு நானே புதுசாகத் திறந்தேன், மலேசியா என்று போட்டு. கேம் வாங்க, கணக்கில் காசு ஏற்றுகிற கார்ட் ஒரு கடையில் கேட்டேன். பையன் மேசைக்கடியிலிருந்து ஒன்று எடுத்தான், 50 டாலர் என்று இருந்தது. "ஓடுமா?" என்றேன். "எல்லாத்திலயும் ஓடும் பாஸ்."

வீட்டுக்கு வந்து பத்து காசை வைத்து வெள்ளிப் பூச்சைச் சுரண்டினேன். எண்ணை அடித்தேன். இந்தக் கணக்கின் நாட்டுக்கு இது செல்லாது என்று வந்தது. கார்ட் சிங்கப்பூருடையது. கணக்கின் நாட்டை மாற்றலாமா என்று பார்த்தால், திறந்தபோது போட்டதுதான் கடைசி வரைக்கும். மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனேன். அதே பையன், முகம் மாறாமல், கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த தாளைக் காட்டினான்: சுரண்டிய கார்ட் திருப்பி எடுக்கப்படாது. காலையில் அந்தத் தாள் அங்கே இருந்ததா என்பதுதான் என் சந்தேகம். பசை இன்னும் ஈரமாக இருந்த மாதிரி பட்டது.

நாலாம் டிவிஷன் அக்கா, உங்கள் பெரியவன் சிங்கப்பூர் கணக்கா? எண் இன்னும் அடிக்கப்படவில்லை. 165 வெள்ளிக்கு வாங்கினேன், 130-க்குத் தருகிறேன்.

நாலாம் டிவிஷன் அக்கா:

கேட்டுச் சொல்கிறேன். 110 என்றால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்.